பாறூக் பாஸ் சொன்ன கூட்டாளி

பள்ளிவாசல்துறையில் போட் வைத்திருக்கிற ஒருவருக்கும் பாறூக் நானாவைத் தெரியாமல் இருக்க வழியில்லை. என்ஜின் திருத்துகிறவர். ஊர் அவரைப் பாஸ் என்று கூப்பிட்டது. பள்ளிவாசல் மௌலவியான நான், வயதில் இளையவன் என்பதால், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். கரையோரம் தகரம் போட்ட ஒரு கொட்டிலில், மரச் சட்டத்தில் கொழுவிய நாலைந்து போட் என்ஜின்களுக்கு நடுவில், காலையிலிருந்து பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை நிற்பார். நாற்பது கிலோ என்ஜினைத் தனி ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடந்து வருவார். ஐம்பத்து மூன்று வயது ஆள் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள்.

நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. என்ஜினைப் பழுதாக்கிக்கொண்டு வருகிறவரை ஏசி முடித்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். ஏச்சு எப்போதும் ஒன்றுதான். சத்தம் மாறின அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் ஒரு வாசர் மாற்றியதோடு முடிந்திருக்கும், இன்னும் ஓடும் இன்னும் ஓடும் என்று ஓட்டி, பிஸ்டன் இறுகின பிறகு கொண்டுவந்து என்னிடம் அழுது என்ன பிரயோசனம் என்பார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது என் காதில் விழும். பிற்காலத்தில் இதை நினைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவருக்குக் கூலி இல்லாத வேலை ஒன்றும் இருந்தது. ஊரில் ஆண்கள் யாராவது மௌத்தானால், அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்டுவது அவர்தான். பத்துப் பதினொரு வருஷமாக அந்த வேலை. எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன அந்தக் கைகள், குளிப்பாட்டும்போது மட்டும் பச்சைப் பிள்ளையைத் தொடுவதுபோல் தொடும். மறைக்க வேண்டிய இடத்தை மறைத்த துணி ஒரு தடவையும் விலகாது. துணிக்குக் கீழே கண்டதை வெளியே வந்து ஒருவரிடமும் சொல்லமாட்டார். ஒருமுறை, கடலில் காணாமல் போய் மூன்றாம் நாள் கிடைத்த ஒருவரின் உடம்பு எப்படி இருந்தது என்று நானே ஆவலை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். மையித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்று ஜும்ஆவில் ஓதியது யார், நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது.

இப்படிப்பட்ட மனுஷன் தன் உடம்பில் கண்டதையும் அதே மாதிரித்தான் மூடி வைத்தார். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அந்த ஆள் நான்.

அது ஒரு நோன்புப் பெருநாள் கழிந்து சில கிழமைகளுக்குப் பிறகு. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். பள்ளியை ஒட்டினாற்போல் என் அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை, கிதாபுகள் அடுக்கிய ஒரு அலுமாரி, அவ்வளவுதான். பாறூக் நானா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் வலிக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

"மௌலவி, ஒரு மஸ்அலா கேக்கணும். எனக்கில்ல, என்ட கூட்டாளி ஒராளுக்கு."

என்னிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கூட்டாளிக்காகத்தான் வருவார்கள். தலாக் சொன்னது கூட்டாளி, நோன்பை விட்டது கூட்டாளி. எனக்கு அது பழக்கம். கேளுங்கள் என்றேன். அந்தக் கூட்டாளிக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறதாம். முதலில் எப்போதாவது ஒரு நாள் போனதாம், இப்போது அடிக்கடியாம். சில நாள் வெளிக்குப் போகாமலே சாரத்தில் படுகிறதாம். முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டு, தொழ நின்று தக்பீர் கட்டின பிறகும் கசிகிறதோ என்ற சந்தேகத்தில் மனுஷனுக்குத் தொழுகையே ஓடவில்லையாம். அவருடைய ஒளு முறியுமா, தொழுகை கூடுமா, அல்லாஹ்விடம் செல்லுபடியாகுமா என்று கேட்டார்.

இப்படியான கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. ஊரில் வழமையாகக் கேட்பதெல்லாம் பெருநாள் பிறையும் கந்தூரிச் சாப்பாடும்தான். அலுமாரியைத் திறந்து இரண்டு கிதாபை இறக்கினேன். பின்வழியால் எது வெளிப்பட்டாலும் ஒளு முறியும். ஆனால் நிற்காமல் வருகிற வருத்தக்காரருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தொழுகைக்கான வக்து, அந்த நேரம், வந்த பிறகு கழுவிச் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து, சுணங்காமல் தொழ வேண்டும். கடமையான ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஜமாஅத்துக்காகக் கொஞ்சம் காத்திருந்தால் குற்றமில்லை. கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது, எது பலமான கருத்து என்று அரை மணித்தியாலம் நின்ற நிலையில் விளக்கினேன். பாறூக் நானா என்ஜின் சத்தத்தை உற்றுக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் தொழலாம்தானே?"

"தாராளமாத் தொழலாம். தொழுகை கூடும்."

அந்த முகம் தெளிந்ததை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. மருந்து குடித்துச் சுகமானவர்போல் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பயம் பூராவும் அல்லாஹ்வுக்கு முன்னால் நின்று தொழ முடியாமல் போய்விடுமோ என்பதுதான், அந்தப் பயத்தை நான் தீர்த்துவிட்டேன். பயம் இருந்திருந்தால் அடுத்த கிழமை டொக்டரிடமாவது போயிருப்பார். கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்ன எனக்கு, அந்தக் கூட்டாளி டொக்டரிடம் காட்டினாரா என்ற ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. அரை மணித்தியாலம் பேசின வாய் அது.

அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிவிடலாம். தெரியாமல் இருந்தது இரண்டு கிழமைதான். அதுவரை அஸருக்குச் செய்த ஒளுவோடு இரவு இஷா வரை பள்ளியிலேயே இருக்கிற மனுஷன், ஒவ்வொரு வக்துக்கும் பாங்கு சொல்லும் வரை தண்ணீர்க் குழாயடியில் காத்து நிற்க ஆரம்பித்தார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மடித்த துணி. வெள்ளைச் சாரம் போய்க் கறுப்புச் சாரம் வந்தது. தொழுகை வரிசையில் முதல் ஸஃப்பில் எனக்கு நேர் பின்னால் நிற்கிறவர், கடைசி ஸஃப்பில் கதவோரம் போய் நின்றார். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. முதல் ஸஃப்பில் ஷைத்தானைக் கண்டுவிட்டீர்களா நானா என்று எல்லோருக்கும் முன்னால் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தக் கிழமைக்குள் குழாயடியில் அந்தப் பையைக் கண்டேன், எல்லாம் விளங்கியது. கூட்டாளி என்று ஒருவரும் இல்லை.

அல்லாஹ் மன்னிக்க வேண்டும், எனக்கு அப்போது வந்தது கவலை இல்லை, பெருமை. நான் சொன்ன சட்டத்தை ஒரு மயிரிழை பிசகாமல் இந்த மனுஷன் செய்கிறாரே என்று பூரித்துப்போனேன். அவராகச் சொல்லாததை நானாகக் கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு சாட்டும் வைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பின்பக்கத்தைப் பற்றி அவரோடு நேருக்கு நேர் கதைக்க எனக்குக் கூச்சம். கிதாபில் அரபியில் இருந்தால் வாசிக்கலாம், தமிழில் ஒரு மனுஷனின் முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் நாக்கு எழும்பாது.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. அவர் தனக்கு மூலம் என்று தானே முடிவுகட்டியிருந்தார். பாரம் தூக்குகிறவருக்கு மூலம் வருவது வழமைதானே. கற்பிட்டியில் ஒரு பாமசியில் மூலத்துக்குப் பூசுகிற டியூப் வாங்கிவந்து என்ஜின் கிறீஸ் டப்பாக்களுக்குள் ஒளித்து வைத்திருந்தார். கொச்சிக்காய்த் தூளைக் குறைத்தார், கருணைக்கிழங்கு தின்றார். தன் சாரத்தைத் தானே துவைக்கப் பிடிவாதம் பிடித்தார். அவருடைய மனைவி ரம்ஸியா, எண்ணெய்க் கறை போகாது என்பதால் தன்னைக் கஷ்டப்படுத்தாமல் அவரே துவைக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம். இதைப் பிறகு அவர் சொல்லி அழுதபோது எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

உடம்பு வற்றத் தொடங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை, உள்ளங்கை கடதாசிபோல் வெளுத்திருந்தது. ஒரு நாளில் ஐந்தாறு தடவை வெளிக்குப் போவதும், போயும் போகாததுபோல் திரும்பவும் ஓடுவதுமாக இருந்தார். தனி ஆளாகத் தோளில் ஏற்றின என்ஜினை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கினார், பிறகு என்ஜின் இருந்த இடத்துக்கே போய்த் திருத்தினார். சீனி வருத்தமாக, நீரிழிவாக இருக்கும் என்று ஊர் சொன்னது. பாஸுக்கு வயது போகிறது என்று சொன்னவர்களும் உண்டு.

கடைசியில் ஒரு மையித்துதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. வயதாளி ஒருவர் மௌத்தாகி, பாறூக் நானாவும் றிஸ்கானும் நானும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். றிஸ்கான் கடல்தொழில்காரர், இந்த வேலையில் நானாவுக்கு உதவிக்கு நிற்பவர். கற்பூரத் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்த பாறூக் நானா அப்படியே மடிந்து விழுந்தார். றிஸ்கான் தாங்கிப் பிடித்துத் தூக்கியபோது கறுப்புச் சாரம் பின்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் என்று றிஸ்கான் நினைத்தார். சிமெந்துத் தரையில் சிவப்பாக ஓடியதை நான் பார்த்தேன். அந்த நிலையிலும் பாறூக் நானா கையை நீட்டி, மையித்தின் மேல் விலகிக் கிடந்த துணியை இழுத்து மூடினார்.

வான் ஒன்றைப் பிடித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றினார்கள். அங்கே டொக்டர் கையுறை போட்டு விரலால் சோதித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. ஒன்றரை வருஷமாக நாங்கள் இருவரும் பயந்து ஒளித்த விஷயம் அந்த ஒரு நிமிஷம்தான். பாறூக் நானா சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். விரலில் கட்டி தட்டுப்படுகிறது, கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கமரா விட்டு, சதையில் துளி எடுத்துச் சோதித்து, ஸ்கேனும் எடுத்து முடிய ஒரு மாதம் போனது. முடிவு கேட்கப் போகும்போது நானும் கூடப் போனேன். அதற்குக் காரணம் இருந்தது. பாறூக் நானாவுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அது என்ஜின் சிங்களம். காபரேட்டர், பெற்றோல், நாளைக்கு வாங்க என்ற அளவுக்குப் போகும். நான் கனமூலைக்காரன், மதுரங்குளியில் சிங்களவர் வந்துபோகிற வாப்பாவின் கடையில் நின்று வளர்ந்தவன், என் சிங்களம் நல்ல சிங்களம். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். ரம்ஸியா வெளியே வாங்கில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார்.

டொக்டர் நரைத்த தலையோடு பொறுமையான மனுஷர். ஒரு கடதாசியில் குடலைக் கீறிக் காட்டினார். மலம் இறங்குகிற கடைசிப் பகுதியில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். இப்படியான கட்டி பெரும்பாலும் ஒரு சின்ன மருவாகத்தான் தொடங்கும், அந்த நேரம் வந்திருந்தால் கமராவாலேயே நறுக்கி எடுத்திருக்கலாம், கொஞ்சம் வளர்ந்த பிறகு வந்திருந்தாலும் வெட்டிச் சுகப்படுத்த நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அதையும் சொன்னேன். ரத்தம் போகிற எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை, மூலம்தான் அதிகம், அது மருந்தோடு போகும், ஆனால் மூலமா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த டொக்டர், கழிவறையில் குனிந்து பார்த்தவர் இல்லை என்றார். பாறூக் நானா அதற்கு மெல்லச் சிரித்தார். சத்தம் மாறின அன்றைக்கே என்று தன்பாட்டில் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

பிறகு டொக்டர் பேனையை வைத்துவிட்டு, இவ்வளவு காலமும் இவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"சொன்னன்தானே. எங்கட மௌலவிட்டக் கேட்டன் எண்டு சொல்லுங்க."

அதில் குத்தல் இல்லை, குறை இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, தாடி, நீளக் குர்தா. மௌலவி யார் என்று அவருக்கு இனிச் சொல்லத் தேவையில்லை. மௌலவி என்ன சொன்னார் என்று அடுத்த கேள்வி வரும், அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

ஒருவரிடமும் சொல்லவில்லையாம், வெட்கமாக இருந்ததாம் என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டர் உச்சுக்கொட்டினார். பாறூக் நானாவின் பக்கம் திரும்பி, வருத்தத்துக்கு என்ன வெட்கம் மாத்தயா என்று மெதுவாக ஏசினார். வெட்கத்தைச் சொல்கிற 'லஜ்ஜா' என்ற சொல் என்ஜின் சிங்களத்திலும் உண்டு. பாறூக் நானா சடக்கென்று என்னைப் பார்த்தார். நான் டொக்டர் கீறின கடதாசியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் டொக்டரைப் பார்த்து, தன்மேல்தான் பிழை என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது ரம்ஸியா வானின் முன் சீற்றில் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டு வந்தார். நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைக்கூண்டு தெரிகிற இடத்தில் பாறூக் நானா என் கையைத் தொட்டார். என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"பயப்படாதீங்க மௌலவி. நான் ஆரிட்டயும் சொல்லமாட்டன்."

மையித்தின் குறையை மறைக்கிற அதே குரல். இப்போது என் குறையை மறைக்கிறார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றினார்கள், கட்டிக்குக் கதிர் அடிக்கிற கரண்ட் பிடித்தார்கள். குடல் அடைத்துவிடும் என்று வயிற்றில் துளை போட்டுப் பை வைத்தார்கள். பையோடு பள்ளிக்கு வர வெட்கப்பட்டு, வீட்டில் கதிரையில் இருந்தபடி தொழுதார். நான் கிழமைக்கு மூன்று நாள் போவேன். தொழுகையைப் பற்றி அவர் கேட்பார், வலியைப் பற்றி நான் கேட்பேன். கேட்கத் தெரிந்துகொண்டேன், ஆனால் காலம் போய்விட்டிருந்தது. ஒரு நாள், அந்தக் கதவோரம் உங்களைப் பார்த்து எல்லாம் விளங்கின பிறகும் நான் பேசாமல் இருந்தேன் நானா என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். குழாயடியில் நீங்கள் பையைப் பார்த்ததை நான் பார்த்தேன், கேட்பீர்கள் கேட்பீர்கள் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன் என்றார். இதைச் சொல்லும்போதும் கோபம் இல்லை. ஏசுவதற்குப் பேர்போன மனுஷன் என்னை மட்டும் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

மழைக்காலத்தில் ஒரு பகல் லுஹர் நேரம் மௌத்தானார். றிஸ்கானும் நானும் மட்டும் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். குளிப்பாட்டினோம். துணிக்குக் கீழே கண்டதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வயிற்று வருத்தத்தில் போய்விட்டார் என்று ஊர் சொல்லிக்கொண்டது. குடும்பமும் அப்படியே சொன்னது. மூன்றாம் வெள்ளி, ஜும்ஆ முடிந்து மார்க்கப் பேச்சுப் பேசுகிற பயான் நேரத்தில் நான் குடல் புற்றுநோய் என்ற அந்தச் சொல்லைச் சொன்னேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் போனால், போகிற பழக்கம் மாறி மூன்று கிழமையாகியும் திரும்பாவிட்டால், காரணம் தெரியாமல் உடம்பு வற்றினால், மூலம் என்று நீங்களே தீர்மானிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். குடும்பத்தில் வாப்பாவுக்கோ நானாவுக்கோ இந்த வருத்தம் இருந்தால் ரத்தம் வரும் வரையும் பார்த்திருக்காமல் போய்க் கேளுங்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் பாயின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று பேர் தனித்தனியாக என் அறைக்கு வந்தார்கள். மூன்று பேரும் கூட்டாளிக்காகத்தான். நான் கிதாபைத் திறக்கவில்லை, முதலில் கூட்டாளியை டொக்டரிடம் அனுப்புங்கள் என்றேன். ஒருவருக்கு மூலம்தான், இரண்டு கிழமை மருந்தில் சுகமானது. ஒருவருக்கு மரு ஒன்று இருந்து கமராவால் எடுத்துவிட்டார்கள், இப்போது கடலுக்குப் போகிறார். மூன்றாவது ஆள் இன்னும் போகவில்லை, என்னைக் கண்டால் வேறு ஒழுங்கைக்குள் திரும்பிப் போகிறார். விடமாட்டேன் என்று நானும் பின்னால் திரிகிறேன். ஆனால் பயானில் இவ்வளவும் சொன்ன நான், பாறூக் நானா என்னிடம் வந்து கேட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் மறைத்ததை நானும் வசதியாக மறைத்துக்கொண்டேன்.

கணவர் மௌத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள் இருக்கிற இத்தாக் காலம் ரம்ஸியாவுக்கு முடிந்த கிழமை, மகள் நஸ்ஹா வந்து உம்மா கூப்பிடுகிறார் என்றாள். போனேன். முன் விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். ரம்ஸியா கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து கதைத்தார். என்ஜின் சாமான்களை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார், சொன்னேன். நஸ்ஹா பிளேன்டி வைத்துவிட்டுப் போனாள். பிறகு ரம்ஸியா வேறு கதைக்கு வந்தார்.

"மௌலவி, முப்பது வருசம் ஒரே வீட்டுல இருந்தோம். எனக்கும் சொல்லல்ல. ஒராளிட்டயும் சொல்லாம அந்த மனுசன் தனியாவே பயந்துக்கிட்டு இருந்தாரே எண்டு நினைச்சாத்தான் எனக்குத் தாங்க முடியல்ல."

இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். பாறூக் நானா கொடுத்த வாக்கு அவரோடு கபுறுக்குள் போய்விட்டது, இனி அதை உடைக்க ஆளில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சீலைக்குப் பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சொன்னார். என்னட்டச் சொன்னார். மயங்கி விழுறதுக்கு ஒண்டரை வருசத்துக்கு முந்தியே கேட்டார்" என்றேன்.

சீலை அசையவில்லை. என்னை ஏசட்டும், வெளியே போ என்று சொல்லட்டும், ஊருக்கே கேட்கக் கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"என்ன கேட்டார்?"

"ரத்தம் போனா ஒளு முறியுமா, தொழுகை கூடுமா எண்டு கேட்டார். நான் அதுக்கு மட்டும்தான் பதில் சொன்னன். டொக்டரிட்டப் போகச் சொல்லல்ல. பிறகு விளங்கியும் சொல்லல்ல."

உள்ளே எங்கோ நஸ்ஹா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு ரம்ஸியா கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. பிள்ளை கேட்பதுபோல், பதில் தெரிய வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"அப்ப அந்த ஒண்டரை வருசமும் அவர் தொழுத தொழுகை எல்லாம் கூடுமா மௌலவி?"

அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான். இரண்டாவது தடவையும் அதையே கொடுத்தேன்.

"கூடும்" என்றேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றார் ரம்ஸியா. பிறகு அவர் அழுகிற சத்தம் சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டது, நான் எழும்பிப் போக முடியாமல் அந்தக் கதிரையில் இருந்தேன்.